அயலுக்குச் சொல்லி விற்ற காணி

ஆனையிறவு என்றதும் எங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் வருவது உப்பும் சண்டையும்தான். 1991 முற்றுகை, 2000 ஏப்ரலில் புலிகளின் கைக்குப் போன முகாம், 2009 ஜனவரியில் இராணுவம் அதைத் திரும்பப் பிடித்தது. ஏ9 வீதியால் பஸ்ஸில் போகும்போது யன்னலுக்குள்ளால் தெரிவதும் உப்பளமும் நினைவுச் சின்னமும்தான். ஆனால் இயக்கச்சி, தட்டுவன்கொட்டி, உமையாள்புரம், பரந்தன் என்று சுற்றிவரச் சனம் இருக்கிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே காணி விற்கிறார்கள், வாங்குகிறார்கள், வேலிக்குச் சண்டை பிடிக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வேலியைப் பற்றியது.

கேள்வி சின்னன்தான். ஒரு வீடு வளவு விற்பனைக்கு வருகிறது. பக்கத்து வளவோடு முந்தி எல்லைப் பிரச்சினை இருந்தது, பொலிஸ் வரைக்கும் போனது, இப்ப ஓய்ந்துவிட்டது. வாங்க வருகிறவரிடம் அதைச் சொல்ல வேணுமா? "பழைய கதையை ஏன் கிளறுவான்" என்பதுதான் கனக்க வீடுகளில் வரும் பதில். ஆனால் எங்கட சட்ட வரலாற்றில் இதற்கு வேறொரு பதில் இருந்திருக்கிறது.

வன்னி யானைகளை இந்தக் கடவையால் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்ற ஒல்லாந்தர்தான், அங்கத்தைய வழக்கங்களையும் எழுதி வைத்தார்கள். ஆளுநர் சைமன்ஸ் கேட்டதற்கிணங்க, திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி சொன்னார்கள். 1806இல் ஆங்கிலேயர் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஆகவே இது ஆனையிறவுக்கு அந்தப் பக்கத்துக் கதை மட்டும் என்று ஒதுக்க ஏலாது.

அந்தத் தொகுப்பில் விற்பனை பற்றிய பகுதி ஒன்று உண்டு. காணியைப் பிறத்தியாருக்கு விற்க முதல், உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், அந்தக் காணியை ஈடு பிடித்திருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அவர்கள் வந்து, "நான்தான் முதலில் வாங்க வேண்டியவன்" என்று கேட்கலாம். பழைய வழக்கத்தில் தவணையும் இருந்தது: அதே ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதம், அதே மாகாணத்தின் வேறு ஊரில் இருப்பவருக்கு இரண்டு மாதம், வேறு மாகாணத்தில் இருப்பவருக்கு மூன்று மாதம், வெளிநாட்டில் இருப்பவருக்கு ஒரு வருடம். முந்நூறு வருடத்துக்கு முன்னமே "வெளிநாட்டில் இருக்கிற பங்காளி" என்ற ஆளைச் சட்டம் யோசித்திருக்கிறது! பிறகு ஒல்லாந்தக் கொமாண்டர்கள் இதை மாற்றி, விற்கும் எண்ணத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்றார்கள்.

இதை வெறும் உறவுமுறைச் சலுகையாகப் பார்த்தால் ஒரு விஷயத்தைத் தவற விடுவோம். ஊருக்கு முன்னால் அறிவித்தால் அயலில் இருக்கிற சண்டை தானாக வெளியில் வரும். "அந்தப் பனை எங்கட", "கிணற்றில் எங்களுக்கும் பங்கு இருக்கு", "ஒழுங்கையை அடைச்சுப்போட்டு விக்கிறார்" என்று சொல்ல வேண்டியவர்கள் விற்பனைக்கு முன்னமே சொல்லிவிடுவார்கள். விற்பவரின் நேர்மையை மட்டும் நம்பி வாங்குபவர் இருக்கத் தேவையில்லை. ஊர்தான் சாட்சி.

ஆனால் அந்த ஊர் யாருடைய ஊர்? அதே பகுதியில் காணி, தோட்டம் என்ற சொற்களோடு அடிமையும் சேர்ந்தே வருகிறது. மனிசரும் வளவைப் போல விற்கப்பட்ட காலம். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். காணி "பிறத்தியாருக்கு" போகாமல் தடுக்கிற உரிமை, சாதி பார்த்து ஆளைத் தள்ளி வைக்கவும் நன்றாகவே உதவக்கூடியது. அறிவித்தல் எல்லாருக்கும் பாதுகாப்பாக இருந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். காணி வைத்திருந்தவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது.

1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதலில் வாங்கும் உரிமையைப் பங்குரிமையாளருக்கும், விற்பவரின் சொத்துக்கு வழியுரிமையாளராக வரக்கூடியவருக்கும் என்று சுருக்கியது. அயற்காணிக்காரர் பட்டியலிலிருந்து விழுந்தார். காணி லேசாகக் கைமாற இது உதவியது. ஆனால் அயல் என்ன சொல்கிறது என்று கேட்கிற கட்டாயமும் அதோடு போய்விட்டது.

அப்படியானால் விற்பவர் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா? இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன்-டச்சுச் சட்டம். அதன் வேர் உரோமில். கிமு 44இல் சிசெரோ எழுதிய "கடமைகள்" பற்றிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. கிளாடியஸ் சென்டுமாலஸ் என்பவரின் வீடு உயரமாக இருந்தது. பறவைகளைப் பார்த்து நிமித்தம் சொல்கிறவர்கள், "எங்கள் பார்வையை மறைக்கிறது, உயரத்தைக் குறை" என்று கட்டளையிட்டார்கள். அவர் அதைச் சொல்லாமல் வீட்டை விற்றார். வாங்கிய கல்பூர்னியஸ் லனாரியசுக்கும் அதே கட்டளை வந்தது, அவர் இடித்தார். பிறகு உண்மை தெரிந்து வழக்குப் போட்டார். நீதிபதி மார்க்கஸ் கேட்டோவின் முடிவு: விற்கும்போது தெரிந்திருந்தும் சொல்லவில்லை, ஆகவே நட்டத்தை விற்றவரே ஈடு செய்ய வேண்டும். அந்த வீட்டின் சுவரில் குறையில்லை. அக்கம்பக்கத்தோடு இருந்த பிணக்குத்தான் மறைக்கப்பட்ட குறை.

இன்று இங்கிலாந்தில் வீடு விற்கிற எங்கட சொந்தக்காரர் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். அயலவரோடு தகராறு, முறைப்பாடு ஏதும் உண்டா என்று அது நேரடியாகக் கேட்கும். பொய் எழுதினால் பிறகு நட்டஈடு கட்ட வேண்டி வரலாம். இலண்டன் வீட்டுக்கு உண்மையை எழுதுகிற அதே ஆள், ஊர்க் காணியை வட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கும்போது "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று முடித்துவிடுகிறார்.

வன்னியில் இந்த மௌனத்தின் விலை கூட. எங்கட உறுதிகளில் எல்லையைச் சொல்வது அயலவரின் பெயரால்தான்: கிழக்கில் இன்னார் காணி, தெற்கில் ஒழுங்கை. அந்த இன்னார் செத்திருப்பார், அல்லது கனடாவில் இருப்பார். கதியால் வேலி ஷெல்லிலும் நெருப்பிலும் போய்விட்டது. மீளக்குடியேறிய சனம் ஞாபகத்தை வைத்துத்தான் வேலி போட்டது. இரண்டு ஞாபகம் முட்டினால் பொலிஸ், பிறகு நீதவான் நீதிமன்றத்தில் 66ஆம் பிரிவு வழக்கு. அந்த வழக்கு ஆருக்குச் சொந்தம் என்று தீர்ப்பதில்லை. இப்போதைக்கு ஆர் இருக்கலாம் என்றுதான் சொல்லும். மத்தியஸ்த சபையில் கைகொடுத்து முடித்த வேலிச் சண்டையைக் காணிப் பதிவகத்தில் தேடினால் கிடைக்காது. அது தெரிந்தவர்கள் விற்பவரும் அயலவரும்தான்.

இன்னொன்றும் உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல் எதிரிடையாக ஆண்டால் காணிக்கு உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது பெரிய அநியாயம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கெடுக்கக் கூடாது என்றது. ஆனால் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான். தன் காணியில் வேறு ஆள் இருப்பதே தெரியாமல் இருந்தவர் எத்தனை பேர்? "அவை திரும்பி வருவினம், அது அவையின்ர காணி" என்று சொல்ல ஒரு அயலவர் இருந்திருந்தால் பலருக்குக் கதை மாறியிருக்கும்.

பழைய தேசவழமை திரும்ப வரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. சாதிக்கும் சொந்தத்துக்கும் வேலி போட்ட சட்டம் அது. அதன் கீழ் வருகிற மனைவி இன்றும் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். ஆனால் வாங்கும் உரிமை வேறு, அறியும் உரிமை வேறு. முதலாவதை அயலவருக்குக் கொடுக்கத் தேவையில்லை. இரண்டாவதை வாங்குபவருக்குக் கொடுக்கலாம்.

அடுத்த முறை உங்கட வீட்டில் காணி விற்கிற கதை வந்தால் நொத்தாரிசிடம் போக முதல் ஒரு தாள் எடுங்கோ. எல்லையில் என்ன தகராறு நடந்தது, எந்த வருடம், எப்பிடி முடிந்தது, கிணற்றிலும் பாதையிலும் ஆருக்குப் பங்கு, முந்தி அதில் ஆர் இருந்தவை என்று எழுதி வாங்குபவரிடம் கொடுங்கோ. விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் வாங்குகிறவர் அடுத்த முப்பது வருடமும் அந்த வேலிக்குப் பக்கத்தில்தான் இருக்கப் போகிறார்.