மெழுகு இங்கே, எண்ணெய் இங்கே, சிவப்பு எங்கே?

விளக்கெண்ணெயில் வேம்பாளம்பட்டையை ஊறவைத்து, தேன்மெழுகு சேர்த்து உருக்கி, சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவைக்கும் வண்ண லிப் பாம் இன்று பல வீடுகளில் தயாராகிறது. ‘பாட்டி காலத்துப் பக்குவம்’ என்ற பெயரோடு விற்பனைக்கும் வருகிறது. தருமபுரி மாவட்டத்தை வைத்து இந்தக் கூற்றை உரசிப் பார்க்கலாம். மெழுகும் எண்ணெயும் இந்த மண்ணுக்குப் பழையவை, அவற்றைப் பக்குவப்படுத்தும் கைத்திறனும் பழையது. ஆனால் இங்கே உதட்டைச் சிவக்கவைத்த வழக்கம் வேறு. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதுதான் அந்தப் பொருள்களுக்கு உரியவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குத் தேனெடுப்பு தலைமுறை அறிவு. தேனைப் பிழிந்த அடையைக் கொதிநீரில் போட்டுத் துணியில் வடிகட்டினால், ஆறும்போது மெழுகு மேலே வில்லையாக உறையும். அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டிவிட வேண்டும். கீழே, மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் நிலக்கடலையோடு ஊடுபயிராக ஆமணக்கு நின்றது. கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுத்தார்கள். அந்த எண்ணெய் விளக்குக்கும், குழந்தையின் வயிற்றுக்கும், மாட்டுவண்டி அச்சுக்கும் போனது. மெழுகு தமிழகத்துச் சிற்பிகளிடம் செப்புத்திருமேனிகளுக்குக் கருவானது. வெடித்த உதட்டுக்கு வெண்ணெயோ நெய்யோ போதுமானதாக இருந்தது.

சிவப்பைத் தந்தது வெற்றிலைதான். பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள் சுண்ணாம்பின் காரம் பட்டதும் சிவந்து உதட்டில் ஏறும். இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் நகரவாசியின் காலைக் கடன்களைச் சொல்லும்போது மெழுகையும் செம்பஞ்சுக் குழம்பையும் சேர்த்தே குறிப்பிடுகிறது, ஆகவே வண்ண உதட்டு மெழுகு இந்தியாவில் மிகப் பழையது என்பார்கள். உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது வசதியும் ஓய்வும் உள்ள நகரத்து ஆணின் ஒப்பனை. அவனும் அதை முடித்துக்கொண்டு வெற்றிலை போடுகிறான். அரண்மனைக்கும் நகரத்துக்கும் உரிய ஒப்பனையைக் காட்டுக்கும் கழனிக்கும் போய்வந்த பெண்ணின் வழக்கமாக மாற்றிச் சொன்னால், அவளுடைய உண்மையான வாழ்க்கை வரலாற்றிலிருந்து விழுந்துவிடும். எண்ணெயில் வேர்ச்சாயம் இறக்கி மெழுகோடு கலக்கும் இன்றைய செய்முறைக்கு நெருங்கிய உறவு, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில வீட்டுக்குறிப்பு நூல்களில் வரும் உதட்டுக் களிம்பு.

அதே நூற்றாண்டின் இறுதியில் சிவப்புக்கு என்ன விலை இருந்தது என்பதைச் சென்னை சொல்லும். தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு, செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்த பூச்சி மட்ட ரகமாகப் போனதால் கனவு கைகூடவில்லை. ஆனால் கொச்சினீல் சாயம் இன்றும் உலகத்து லிப்ஸ்டிக்குகள் பலவற்றில் இருக்கிறது. அவற்றுக்கு வழவழப்பு தரும் முக்கிய எண்ணெய்களில் ஒன்று ஆமணக்குடையது. சிவப்புக்காகக் கடல் கடந்தவர்களுக்கு, அதைத் தாங்கும் எண்ணெய் நம் புன்செயில் விளைந்தது.

பழையதோ புதியதோ, உதட்டுக்கு நல்லதாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பழமையை நற்சான்றாகக் காட்டுவதில் ஆபத்து இருக்கிறது. பாதரசம் கலந்த சாதிலிங்கமும் பழைய சிவப்புதான். புகையிலை சேர்க்காத தாம்பூலமும் புற்றுநோய் தரும் என்று 2003-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. வெற்றிலைச் சிவப்பை விட்டுவிட்டு மெழுகுச் சிவப்புக்கு மாறுவது நல்ல மாற்றம்; அதைப் புதுமை என்றே பெருமையாகச் சொல்லலாம். டப்பாவின் மேல் கற்பனைப் பாட்டியை எழுதுவதைவிட, மெழுகு எந்த மலையில் எடுத்தது, ஆமணக்கு எந்த ஊரில் விளைந்தது என்று எழுதட்டும். அப்போதுதான் தேனெடுத்தவருக்கும் விதைத்தவருக்கும் உரிய பெயரும் நியாயமான விலையும் கேட்க வழி பிறக்கும்.