புண்ணை வருத்தாத மருந்து

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது கொடுமை என்போம். அக்கொடுமையை மருத்துவமே நல்லெண்ணத்தோடு செய்த காலம் உண்டு. துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு கலந்திருப்பதாக 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினர். அந்நஞ்சை அழிக்கக் கொதிக்கும் எண்ணெயைக் காயத்தில் ஊற்றினர்.

1537இல், இத்தாலியின் தூரின் நகரையொட்டி நடந்த போரில், ஆம்ப்ருவாஸ் பாரே என்ற இளம் பிரெஞ்சு அறுவை மருத்துவரிடம் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி, முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் ஆகியவற்றைக் குழைத்துப் பூசினார். அவ்வீரர்கள் நஞ்சேறி மடிவார்களோ என்ற அச்சத்தில் அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடியற்காலையில் சென்று பார்த்தார். பூச்சு பெற்றவர்கள் அதிக வலியின்றி இருந்தனர். எண்ணெய் ஊற்றப்பெற்றவர்களோ காய்ச்சலும் வீக்கமுமாய்த் துடித்தனர். இனி எவரையும் அவ்வாறு சுடுவதில்லை எனப் பாரே உறுதிபூண்டார்.

வெடிமருந்தின் நஞ்சு கற்பனை. கிருமியோ உண்மைப் பகை. பாஸ்டரின் ஆய்வுகளால் தூண்டப்பெற்ற ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கும் முறையை 1867இல் வெளியிட்டார். உயிர்கள் பல பிழைத்தன. ஆனால் அமிலம் தசையையும் அரித்தது. முதல் உலகப் போரில் பிரான்சின் பூலோன் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், ஆழ்ந்த காயத்தின் மூலைமுடுக்குகளைக் கிருமிநாசினி எட்டுவதில்லை என்றும், கிருமியோடு போரிடும் வெள்ளையணுக்களை அது அழிக்கிறது என்றும் காட்டினார். பாரே கண்ட பழைய சிக்கல் புதிய வடிவில் திரும்பியிருந்தது.

புண் உலர்ந்தால்தான் ஆறும் என்ற எண்ணமும் நெடுநாள் நிலவியது. 1962இல் பிரிட்டனின் ஜார்ஜ் விண்டர், பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கிச் சிலவற்றைப் பாலித்தீன் ஏட்டால் மூடினார். சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார். ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்ந்தது.

அவ்வீரத்தை அளிக்கவல்ல பொருள் அதற்குள் பிறந்திருந்தது. உடலுக்கு ஊறு செய்யாத, நீரை ஏந்தும் மென்கூழ் ஒன்றை, பிராகா நகர வேதியியலாளர்களான ஓட்டோ விக்டர்லேயும் திராகோஸ்லாவ் லீமும் 1960இல் அறிவித்தனர். அது முதலில் கண்ணில் பொருத்தும் மென்வில்லையாயிற்று. ஹைட்ரோஜெல் எனப்படும் இவ்வகைக் கூழ்கள் பின்னர்ப் புண்களுக்கும் வந்தன. அவை குளிர்ச்சி தந்து நோவைத் தணிக்கின்றன. இறந்த தசையை இளக்கி, உடலே அதைக் கழித்துவிட உதவுகின்றன. நீர் மிகுதியாக வடியும் புண்ணுக்கு அவை ஏற்றவையல்ல.

ஈரம் தோலுக்கு உதவுவது போலவே கிருமிக்கும் இடம் கொடுக்கக்கூடும். ஆகவே வெள்ளியையோ, இறால் நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசானையோ கூழில் சேர்க்கின்றனர். வெள்ளி மிகுந்தால் புதுத்தோலின் உயிரணுக்களும் வாடும். எனவே அது சிறிது சிறிதாகக் கசியுமாறு கூழை அமைப்பதே இன்றைய ஆய்வாளரின் பாடு.

உணர்விழந்த பாதத்தில் ஆறாப் புண்ணோடு வாழும் நீரிழிவு நோயாளி, காலை இழப்போமோ என்று அஞ்சுகிறார். பல கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிட்ட இந்நாளில் அவ்வச்சம் வீணானதன்று. கொல்லும் ஆற்றல் மட்டும் அவருக்குப் போதாது. புண்ணுக்குள் மெல்ல வளரும் உயிரைக் காக்கும் பொறுமையும் மருந்துக்கு வேண்டும்.