குதிரையேற்றமும் குதிரைப்படையின் தோற்றமும்

குதிரைப்படை என்பது குதிரையின் முதுகில் இருந்தபடியே போரிடும் படைப்பிரிவு. மனிதர் குதிரையைப் பழக்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே இது முறையான படையாக உருப்பெற்றது.

வடக்குக் கஜகஸ்தானின் போதாய் மக்கள் கி.மு. 3500 அளவில் குதிரையை நம்பியே வாழ்ந்தனர். ஆனால் இன்றைய வளர்ப்புக் குதிரைகள் அந்த வழியில் வந்தவை அல்ல என்று 2018இல் மரபணு ஆய்வு காட்டியது. அவற்றின் பூர்வீகம் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளி என 2021இல் தெரியவந்தது. அங்கிருந்து கி.மு. 2000ஐ ஒட்டி அவை வெகுவேகமாகப் பரவின.

போர்க்களத்தில் முதலில் புகழ்பெற்றது தேர்தான். யூரல் மலைக்குத் தெற்கே சிந்தாஷ்டா கல்லறைகளில் ஆரக்கால் சக்கரத் தேர்களின் தடயங்கள் கிடைத்துள்ளன. கி.மு. 1274இல் எகிப்தியரும் ஹிட்டைட்டுகளும் மோதிய காதேஷ் போர் தேர்ப்படைகளின் போர். குதிரைச் சவாரி அப்போதும் இருந்தது, மதிப்புதான் இல்லை. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் மாரி நகர மன்னர் சிம்ரி-லிமுக்கு அவருடைய அதிகாரி ஒருவர் எழுதிய களிமண் மடல் இதற்குச் சான்று. அரச கௌரவம் கருதிக் குதிரையில் ஏற வேண்டாம், வண்டியிலோ கோவேறு கழுதையிலோ செல்லலாம் என்று அவர் பணிந்து கேட்டுக்கொள்கிறார்.

இந்த நிலையை மாற்றியது அசீரியா. இரண்டாம் அசூர்நாசிர்பால் (கி.மு. 883–859) காலத்துப் புடைப்புச் சிற்பங்களில் குதிரைவீரர்கள் இருவர் இருவராக வருகின்றனர். ஒருவர் அம்பெய்ய, அருகில் வருபவர் இரண்டு குதிரைகளின் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறார். வில்லுக்கு இரண்டு கையும் வேண்டும். குதிரையை அடக்கவும் கை வேண்டும். தேரில் ஓட்டுநரும் வில்லாளியும் பகிர்ந்துகொண்ட அதே வேலையைத் தேரை நீக்கிவிட்டு அப்படியே தொடர்ந்திருக்கிறார்கள். படைத்துறை வரலாற்றில் இதைவிடத் தெளிவான இடைநிலைச் சான்று அரிது. அந்த வீரர்கள் குதிரையின் பின்புறத்தில், முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பதும் சவாரி இன்னும் கைவரவில்லை என்பதைக் காட்டுகிறது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அசூர்பனிபால் காலச் சிற்பங்களில், பாய்ந்தோடும் குதிரையில் வீரர் தனியாகவே அம்பெய்கிறார்.

இந்த வளர்ச்சிக்கு மலைகளும் ஒரு காரணம். தேர் ஏற முடியாத சாக்ரோஸ் சரிவுகளில் அசீரியர் அடிக்கடி போரிட்டனர். கி.மு. 714இல் உரார்த்துப் படையெடுப்பின்போது, களைத்திருந்த பெரும்படைக்குக் காத்திராமல், இரண்டாம் சர்கோன் தன் ஒற்றைத் தேரோடும் மெய்க்காவல் குதிரைவீரரோடும் எதிரி மீது பாய்ந்ததாக அவரே பதிவுசெய்திருக்கிறார்.

புல்வெளிச் சித்தியர் இக்கலையை உச்சத்துக்குக் கொண்டுசென்றனர். அல்தாய் மலையின் பசிரிக் கல்லறைகளில், உறைபனி காத்துவைத்த மெத்தைச் சேணங்கள் கிடைத்தன. கி.மு. 307இல் சீனத்து ஜாவ் நாட்டு மன்னர் வூலிங், அண்டை நாடோடிகளைப் பார்த்துத் தம் வீரர்களுக்குக் காற்சட்டை அணிவித்துக் குதிரைமேல் வில்வித்தை பழக்கினார். கி.மு. 331இல் கௌகமேலாவில் பாரசீக அணியைப் பிளந்தது அலெக்சாந்தர் தலைமையேற்ற குதிரைப்படை.

இவர்களில் எவரும், சவாரி செய்பவர் பாதம் ஊன்றும் அங்கவடியை அறிந்தவர்கள் அல்லர். அங்கவடி வந்த பிறகே வலுவான குதிரைப்படை தோன்றியது என்ற கருத்து ஏற்கத்தக்கதன்று. கி.பி. 415இல் இறந்த ஃபெங் சூஃபுவின் கல்லறையில், வடகிழக்குச் சீனாவில், இணை அங்கவடிகள் கிடைத்தன. ஐரோப்பாவுக்கு அவற்றை 6ஆம் நூற்றாண்டில் அவார்கள் கொண்டுவந்தனர்.