வாடகை வீடும் வழக்குமன்றமும்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பர். சட்டத்தரணியை அமர்த்தப் பணம் யாரிடம் உண்டு என்று கேட்பதில்லை.

சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய கிளாரன்ஸ் கிடியன் என்னும் ஏழையின் வழக்கில், பாரதூரமான குற்றஞ் சாட்டப்பட்ட வறியவருக்கு அரசே சட்டத்தரணியை அமர்த்த வேண்டுமென 1963இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டை இழக்க நேர்ந்த ஏழைக்கோ அவ்வுரிமை கிட்டவில்லை. வெளியேற்ற வழக்கு குடியியல் வழக்கன்றோ!

விளைவு யாது? 2013இல் நியூயோர்க் நகரில் வெளியேற்ற வழக்கை எதிர்நோக்கிய குடியிருப்போருள் நூற்றுக்கு ஒருவருக்கே சட்டத்தரணி வாய்த்தார். வீட்டுச் சொந்தக்காரருட் பெரும்பாலோர் சட்டத்தரணியுடனேயே வந்தனர். திருத்தப்படாத வீடு, சட்ட வரம்பை மீறி அறவிட்ட வாடகை என்பன தக்க எதிர்வாதங்களே. அவற்றை எடுத்துரைக்க ஆளில்லை. நீதிமன்ற நடைகூடத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீட்டிய உடன்படிக்கையிற் பலர் கையொப்பமிட்டனர்.

குடியிருப்போர் சங்கங்கள் அணிதிரண்டு போராடின. வருமானங் குறைந்தோருக்கு நகரமே சட்டத்தரணியை வழங்கும் சட்டம் 2017 ஆகஸ்டில் பிறந்தது. அமெரிக்க நகரங்களுள் இதுவே முதலாவது. மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வாக்காளரும் அவ்வழி சென்றனர். தொடக்க ஆண்டுகளில், சட்டத்தரணி பெற்ற நியூயோர்க் குடும்பங்களுள் நூற்றுக்கு 84 தம் வீட்டிலேயே நிலைத்தன.

சட்டத்தரணி வாடகையைக் குறைப்பதில்லை, புதுவீடு கட்டுவதுமில்லை. எனினும், ஏட்டில் உறங்கிய உரிமை மன்றிலே வாய் திறந்தது. அதைத் திறப்பித்தது மேலோரின் கருணையன்று, கீழோரின் ஒற்றுமையே.