பட்டாளத்துக்குப் போகிறவன் மூட்டை

எதிர்வீட்டுப் பையன் பட்டாளத்துக்குத் தேர்வாகிவிட்டான். பயிற்சிக்கு வரும்போது கொண்டுவர வேண்டிய சாமான்கள் என்று ஒரு ஜாபிதா வந்திருந்தது. வாசித்துச் சொல்லும்படி அவன் தாயார் அதை என்னிடம் எடுத்து வந்தாள். தகரப் பெட்டி, பூட்டு, ஊசி நூல், இத்தனை பனியன், இத்தனை காலுறை என்று வாசித்துக்கொண்டே போனேன்.

"அவ்வளவுதானா சார்? ஊறுகாய் போடலையா அதிலே?" என்று கேட்டாள்.

போடவில்லை. ஆனாலும் பெட்டியின் அடியில் ஒரு ஜாடி ஏறிவிட்டது என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

இந்த மாதிரி ஒரு ஜாபிதாவை நான் முன்பே படித்திருக்கிறேன். அது எழுதப்பட்டு ஏறக்குறைய 1900 வருஷங்கள் ஆகின்றன. எகிப்தில் ரோமாபுரியின் படையில் சேர்ந்த கிளாடியஸ் டெரன்டியானஸ் என்ற வாலிபன் எழுதியது. இங்கே படை வீட்டுக்கு எழுதுகிறது. அங்கே பையன் படையிலிருந்து வீட்டுக்கு எழுதினான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ரோமானியச் சிப்பாய் என்றால் சினிமாவில் பார்த்த கவசமும் சிவப்பு அங்கியும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். எல்லாம் சர்க்கார் கொடுத்தது என்றே நானும் வெகு காலம் நினைத்திருந்தேன். கொடுத்தது மெய்தான், சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்தது. எகிப்திலிருந்த புரோகுலஸ் என்ற சிப்பாயின் கி.பி. 81-ஆம் வருஷத்துக் கணக்கு ஒரு பாப்பிரஸ் தாளில் அப்படியே கிடைத்திருக்கிறது. ஒரு தவணைச் சம்பளம் 248 டிராக்மா. அதில் வைக்கோலுக்கு 10, சாப்பாட்டுக்கு 80, பாதரட்சைக்கும் கால்பட்டைக்கும் 12, முகாமில் பண்டிகைச் செலவுக்கு 20, உடுப்புக்கு 60. ஆக 182 போயிற்று. மீதி 66, அதுவும் கைக்கு வரவில்லை, அவன் பேரில் படையிடமே வரவு வைக்கப்பட்டது. மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுமையோ சாமானியமல்ல. புதிதாகச் சேர்ந்தவனை, ஆயுதங்கள் நீங்கலாக, 60 ராத்தல் தூக்கி நடக்கப் பழக்க வேண்டும் என்கிறார் போர்க்கலை நூல் எழுதிய வெஜீஷியஸ். நம் கணக்கில் அது 20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நூற்றாண்டில் அந்தப் படையை எதிர்த்து நின்று, பிறகு அதனிடமே பிடிபட்ட ஜோசிபஸ் இன்னும் விவரமாகச் சொல்கிறார்: ரம்பம், கூடை, குந்தாலி, கோடரி, வார், அரிவாள், சங்கிலி, மூன்று நாள் உணவு. காலாட்படைக்காரனுக்கும் பொதிகழுதைக்கும் பெரிய பேதமில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். எங்கே இரவு தங்கினாலும் அகழி வெட்டி மண் குவித்து முகாம் கட்டுகிற படை அது. வாளைப் போலவே குந்தாலியும் வேண்டும்.

டெரன்டியானஸ் லெஜியன் படையில் சேர ஆசைப்பட்டான். கிடைத்தது அலெக்ஸாண்டிரியாக் கப்பற்படை. அவன் கடிதங்கள் கரானிஸ் என்ற கிராமத்தில் அகப்பட்டன. மிச்சிகன் சர்வகலாசாலையார் 1920-களில் அங்கே தோண்டியபோது, ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. வீடு டைபீரியானஸ் என்கிற பழைய சிப்பாயுடையது. பையன் அவரை 'அப்பா' என்றே எழுதுகிறான். பெற்ற தகப்பனா, பெரியவரை மரியாதைக்கு அப்படி அழைத்தானா என்று பண்டிதர்களிடையே சர்ச்சை உண்டு. அவன் கேட்கிற சாமான்களைப் பார்த்தால் பெற்றவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சண்டைக்கு ஒரு வாள், ஒரு குந்தாலி, கொளுக்கி, இருப்பதில் உயர்ந்த ஈட்டியாக இரண்டு, மேலங்கி, உள்ளங்கி, கூடவே தன் கால்சராய். படையில் சேருவதற்கு முன்பே உள்ளங்கி தேய்ந்து போய்விட்டதாம். கால்சராய் புதிதாக வீட்டில் கிடக்கிறதாம்.

அடுத்த கடிதத்தில் பாதரட்சையும் கம்பளிக் காலுறையும் கேட்கிறான். அங்கே கிடைக்கிற பாதரட்சை உதவாது, மாதத்துக்கு இரண்டு ஜோடி தேய்கிறது என்கிறான். பிறகு, இன்னொரு குந்தாலி அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறான். முன்பு அனுப்பியதை மேலாள் பிடுங்கிக்கொண்டான்! இங்கே காசில்லாமல் ஒன்றும் நடக்காது, சிபாரிசுக் கடிதம் செல்லாது என்றும் சொல்கிறான். வாங்கி வைத்திருந்த மெத்தையும் தலையணையும், அவன் கப்பலில் நோயாய்ப் படுத்திருந்தபோது திருட்டுப் போயின.

இவ்வளவுக்கும் நடுவில் அவனும் வீட்டுக்குச் சாமான் அனுப்பியிருக்கிறான். ஒரு கோழிக்கூண்டு. அதற்குள் கண்ணாடிப் பாத்திரங்கள், ஆறு ஜோடிக் கிண்ணங்கள், பள்ளிக்கூடத்துக்கு ஆகும் பாப்பிரஸ் இரண்டு, மை, ஐந்து எழுதுகோல், அலெக்ஸாண்டிரியா ரொட்டி இருபது. கண்ணாடிச் சாமானைக் கோழிக்கூண்டில் அடைத்து அனுப்புகிற யோசனை பட்டாளத்துக்காரனுக்குத்தான் வரும்.

டைபீரியானஸ் தாமும் முகாமில் காலம் கழித்தவர். குந்தாலியை மேலாள் எடுத்துக்கொண்டான் என்று படித்தபோது கோபம் வந்ததோ, சிரிப்பு வந்ததோ. கடிதங்களை மட்டும் அவர் எறியவில்லை.