வன்னி வழியில் ஒரு கை எண்ணெய்

நந்திக்கடலின் கரையிலே, வற்றாப்பளை என்னும் ஊரிலே, கண்ணகியம்மன் கோயில் கொண்ட கதையை முல்லைத்தீவுப் பகுதியில் அறியாதார் இல்லை. மதுரையை எரித்த சினம் ஆறாத அப்பெண் கடல் கடந்து ஈழத்துக்கு வந்தாள். ஒன்பது இடங்களில் தங்கிப் பத்தாவதாக இங்கே தங்கினாள் என்பர். பத்தாம்பளை என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊரார் கூறும் பெயர்க்காரணம். அன்று அவள் தெய்வக் கோலத்தில் வரவில்லை. வழிநடந்து களைத்த ஒரு கிழவியாய் வந்தாள். கரையிலே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர் அவளுக்குக் குழைகளால் ஒரு பந்தலிட்டனர், பொங்கிக் கொடுத்தனர். பொழுது சாய்ந்தது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி ஊற்றி ஏற்றுங்கள் என்றாள் கிழவி, விளக்கு எரிந்தது. பின்பு, தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். கூந்தலை வகிர்ந்து பார்த்த பிள்ளைகள் தலையெங்கும் கண்களைக் கண்டு திகைத்து நிற்க, கிழவி மறைந்துபோனாள்.

இக்கதையில் அற்புதம் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று அளந்து பார்ப்பது நம் நோக்கமன்று. இதைச் சொல்லி வளர்த்த மக்கள் எத்தகைய வாழ்வு வாழ்ந்தவர்கள் என்பதையே நாம் காண விரும்புகிறோம். தெய்வத்துக்கும் கால் வலிக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். வந்தவளுக்கு முதலில் நிழல், அடுத்துச் சோறு, அதன்பின் விளக்கு, இறுதியாகத் தலையைத் தொட்டு ஆற்றும் கை. காட்டு வழியே நடந்து வந்த எந்த மனிதருக்கும் வேண்டியவை இவையே அல்லவா? அரசர்களின் வரலாற்றை ஏடுகள் எழுதின. போர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் எழுதின. களைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதுவோர் அரியர்.

இன்று அந்த இளைப்பாறல் ஒரு பெரும் வாணிபம் ஆகியிருக்கிறது. பேருவளை, பெந்தோட்டை முதலிய தென்மேற்குக் கடற்கரை ஊர்களில் அயல்நாட்டுப் பயணிகளுக்காக ஆயுர்வேத விடுதிகள் பெருகியுள்ளன. உடலெங்கும் தைலம் தேய்க்கிறார்கள். நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஒழுகவிடுகிறார்கள். அண்மைக் காலமாக உலகெங்கும் பல விடுதிகளில் உலோகக் கிண்ணங்களைத் தட்டி ஒலிக்கச்செய்து, அந்த அதிர்வில் வாடிக்கையாளரைப் படுக்கவைக்கும் முறையும் சேர்ந்துள்ளது. திபெத்தின் தொன்மையான வைத்தியம் என்று கூறப்படும் இக்கிண்ண ஒலி, 1970களில் மேலைநாட்டு இசைத்தட்டுகளின் வழியே புகழ்பெற்றதாகும். இத்தனையும் சேர்ந்த இடத்துக்கு 'ஸ்பா' என்று பெயர். உடல் ஓய்வு கொள்வதை இகழ்வது நம் நோக்கமன்று. உழைக்கும் மனிதனின் உடலைவிட ஓய்வுக்கு உரிமையுடையது வேறு எது? ஆனால் இந்தச் சுகம் எங்கிருந்து வந்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமற் போயிற்று என்று கேட்கவேண்டிய கடமை நமக்குண்டு. அதைக் கேட்பதற்கு வன்னி மண்ணைக் காட்டிலும் தகுந்த இடம் இல்லை. ஏனெனில் வன்னி, பலருக்கு வாழ்விடமாய் இருந்ததுபோலவே, பல்லாயிரவர் நடந்து கடந்த வழியாகவும் இருந்தது.

வவுனியாவுக்குத் தெற்கே, அநுராதபுரத்தை அடுத்த மிகிந்தலையில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் ஒரு மருத்துவசாலையின் இடிபாடுகள் உள்ளன. அங்கே ஒரே கல்லைக் குடைந்து, மனித உடலின் வடிவிலேயே தோண்டிய ஒரு தொட்டி கிடக்கிறது. மருந்து நீரிலோ எண்ணெயிலோ நோயாளியைக் கிடத்துவதற்காகச் செய்யப்பட்டது அது. நோயுற்ற துறவியரைப் பேணிய நிலையம் அது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டில் எண்ணெய்ச் சிகிச்சை ஒரு பொது நிறுவனத்தின் பணியாக இருந்தது என்பதற்கு அந்தக் கல் சாட்சி. வடக்கே, யாழ்ப்பாணத்து அரசர்களின் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் தமிழில் எழுந்தன. சித்த மருத்துவம் உடலைப் பிடித்தும் தேய்த்தும் ஆற்றும் கலைக்குத் தொக்கணம் என்று பெயரிட்டு, அதனைப் புறமருத்துவ முறைகளுள் ஒன்றாக வகுத்தது. எண்ணெய் தோலின்மேல் கை தடையின்றிச் செல்ல வழிசெய்கிறது. அழுத்தமும் வெம்மையும் இறுகிய தசையைத் தளர்த்துகின்றன. இதில் மாயம் ஏதுமில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைகள் கற்றுக்கொண்ட அறிவு இது.

அந்த அறிவுக்கு வேண்டிய பொருளை வன்னி நிலமே தந்தது. சேனை நிலங்களில் எள் விளைந்தது. குளக்கட்டுகளிலும் காட்டோரங்களிலும் இலுப்பை ஓங்கி நின்றது. இலுப்பைக்குளம், இலுப்பைக்கடவை என்று ஊர்களே அம்மரத்தின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. நல்லெண்ணெய் முழுக்குக்கும் வைத்தியத்துக்கும் ஆயிற்று. இலுப்பெண்ணெய் கோயில் விளக்குக்கும் ஏழையின் குடிசை விளக்குக்கும் ஆயிற்று. பிறந்த குழந்தையின் கைகால்களை எண்ணெய் தொட்டு நீவிவிடும் மருத்துவச்சி முதல், முறிந்த எலும்பைக் கட்டி எண்ணெய் விடும் வைத்தியன் வரை, எண்ணெயின் வழியே ஒரு கை இன்னோர் உடலுடன் பேசியது.

இனி வழிநடைக்கு வருவோம். 1905இல் யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடத் தொடங்கும்வரை, ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்பவன் காட்டையும் காய்ச்சலையும் கடந்தாக வேண்டும். மாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். தனித்துச் செல்ல எவரும் துணியார். ஆகவே தமிழரின் பழைய வழிகளில் எங்கும் மடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் கேணிகளும் எழுந்தன. தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல், மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல். மாட்டுக்குக்கூட முதுகு தினவெடுக்கும் என்று நினைத்துக் கல் நட்ட சமுதாயம் அது! இந்த அறப்பணிகளில் நாகரிகம் என்ற சொல்லுக்கு உண்மைப் பொருளைக் காண்கிறோம்.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையை நோக்கி வருவோருக்கும், வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோருக்கும் இவ்வழியே வழி. கடல்நீரை எடுத்துவந்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, அதன்பின் வற்றாப்பளையில் பொங்கும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. அடியார்களின் பயணத்தில் ஒலி ஒரு துணை. வண்டி மாட்டின் மணி, பஜனைப் பாட்டு, உடுக்கு, பறை ஆகியவை காட்டின் அச்சத்தைப் போக்கின. சோர்ந்த காலுக்கு அடி எடுத்துக் கொடுத்தன. அருவி வெட்டும் காலத்தில் வயலில் எழுந்த பாட்டும் இத்தகையதே. முதுகு ஒடியக் குனிந்து நிற்கும் கூட்டத்தை ஒரே தாளத்தில் இயக்கி, வலியைச் சற்றே மறக்கவைத்தது அது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, அம்மனின் தாலாட்டைப் பாடினார்கள். கண்ணகி கதையை உடுக்கொலியுடன் பாடி, அவள் சினத்தைக் குளிரச்செய்ய முயன்றார்கள்.

பாட்டினால் அம்மை தீரவில்லை என்பதை நாம் ஒளிக்கவேண்டியதில்லை. அதனை ஒழித்தது தடுப்பூசி. ஆயினும் தீண்ட அஞ்சும் நோயாளியின் அருகில் இரவெல்லாம் ஒரு குரல் ஒலித்தது என்பது சிறிய செய்தியா? இன்றைய கிண்ண ஒலியைப் பற்றியும் இதே நேர்மையோடு பேசலாம். இன்னிசை மனப்பதற்றத்தைத் தணிக்க உதவும் என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. நோயின் வேரை ஒலி அறுத்துவிடும் என்பதற்குச் சான்றில்லை. ஒலி ஆற்றும், தீர்க்கும் என்று விற்பவன் ஏய்க்கிறான்.

பழமையைப் போற்றும்போது அதன் கறையை மறைப்பது வரலாறாகாது. செக்காட்டியவன் யார்? பறை முழக்கியவன் யார்? உடம்பு பிடித்துவிட்டவன் யார்? யாழ்ப்பாணத் தமிழில் பரியாரி என்ற சொல் வைத்தியனையும் குறிக்கும். சவரத் தொழிலாளியையும் குறிக்கும். அவனும் ஒரு காலத்தில் மருத்துவனே என்பதைச் சொல் நினைவில் வைத்திருக்கிறது, சமுதாயம் மறந்துவிட்டது. அவன் கை மேற்சாதியானின் தலையைத் தொடலாம். அவன் கால் அதே வீட்டின் உள்வாசலை மிதிக்கலாகாது. முழக்கிய பறை கோயிலுக்கு வேண்டும். முழக்கியவன் வெளியே நிற்கவேண்டும். தாகம் எல்லோருக்கும் பொது என்று கட்டிய மடங்களிலும் கிணறுகளிலும்கூடத் தீண்டாமை தன் காவலாளியை நிறுத்தியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இலங்கையில் நிறைவேறிற்று. அதன் பின்னரும், 1960களின் பிற்பகுதியில், தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடவேண்டியிருந்தது. ஆறுதலைத் தந்த கைகளுக்கு ஆறுதல் மறுக்கப்பட்டது என்பதே நம் அறத்தின் மறுபக்கம்.

அறமே எட்டிப்பாராத இன்னொரு வழிநடையும் உண்டு. ஆங்கிலேயரின் கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் பெருகியபோது, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்ட மக்கள் கங்காணிகளின் பின்னே கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் தென்விளிம்புக் காடுகளூடே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். தண்ணீரற்ற காடு, வாந்திபேதி, அம்மை, காய்ச்சல். 1840களில் அவ்வழியில் விழுந்து மாண்டோர் பல்லாயிரவர். நடக்கமுடியாதவனை வழியிலேயே விட்டுக் கூட்டம் நகர்ந்தது. எண்ணெய்ச் சிகிச்சைக்கென்று கற்றொட்டி குடைந்த அதே மிகிந்தலையைக் கடந்து அவர்கள் சென்றார்கள். அவர்களுடைய வெடித்த பாதங்களில் தடவ ஒரு கை எண்ணெய் கொடுப்பார் இல்லை. பிற்காலத்தில் அவ்வழியில் கொட்டகைகளும் மருத்துவ நிலையங்களும் எழுந்தன. கூலியாள் செத்தால் கோப்பிப் பழம் மரத்திலேயே அழுகும் என்று தோட்டத் துரைமார் உணர்ந்ததற்கும் அதில் பங்குண்டு. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தபின், நடைவழிக் காலம் வெறும் நினைவாயிற்று. அந்த எலும்புகளின்மேல் எந்தச் சுமைதாங்கியும் இளைப்பாறவில்லை.

மூன்றாவது வழிநடை நம் கண்முன்னேயே நடந்தது. 2009 மே மாதம் போர் முடிந்த முள்ளிவாய்க்கால், வற்றாப்பளைக் கோயிலிலிருந்து பார்த்தால் நந்திக்கடலுக்கு அப்பாலுள்ள கரை. கிளிநொச்சியிலிருந்து தொடங்கி, ஊர் ஊராகப் பெயர்ந்து, தறப்பாளுக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் கிடந்த மக்கள், காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு அந்தக் கடல்நீரேரியில் இறங்கி நடந்தார்கள். பத்து இடங்களில் தங்கிய கண்ணகியைப்போல, அதற்கும் மேலான இடங்களில் தங்கித் தங்கி வந்த கிழவிகள் அவர்களிடையே இருந்தார்கள். பந்தலிட எந்தச் சிறுவனும் எஞ்சவில்லை. வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். அன்று கூலிகள் நடந்த தென்விளிம்பிலேயே இந்த முகாமும் அமைந்தது என்பதை வரலாறு படிப்போர் மறக்கலாகாது. 2012 செப்டம்பரில் முகாம் மூடப்பட்டது. உடலுக்குள் தங்கிய இரும்புத் துண்டுகளும், அறுத்தெடுத்த காலில் இரவில் எழும் வலியும் மூடப்படவில்லை.

இப்போது யாழ்ப்பாணம் நோக்கி வன்னியினூடே உல்லாசப் பயணிகள் குளிரூட்டிய வண்டிகளில் செல்கின்றனர். இவ்வழியிலும் நாளை இளைப்பாறு விடுதிகள் எழலாம், எழட்டும். வேலையற்ற இளைஞருக்கும் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்களுக்கும் பிழைப்புக் கிடைக்குமானால் அதை வெறுப்பது மடமை. ஆனால் சில கேள்விகளை முன்னதாகவே கேட்டுவைக்க வேண்டும். தேய்க்கும் கைக்கு என்ன கூலி? நாள்முழுதும் பிறர் தசையை இளக்கும் பெண்ணின் மணிக்கட்டு வலித்தால் அவளுக்கு ஓய்வுண்டா? மலிவான எண்ணெய்க்கும் பொய்யான வைத்தியத்துக்கும் கட்டுப்பாடு உண்டா? அனைத்தினும் மேலாக, செயற்கைக் காலுடன் வயலுக்குச் செல்லும் வன்னி விவசாயிக்கு அரசாங்கச் சித்த வைத்தியசாலையில் ஒரு தொக்கணக் கட்டிலும், பயின்ற கையும், நல்ல தைலமும் காசின்றிக் கிடைக்குமா? விருந்தாளிக்குக் கிடைப்பது வீட்டாருக்கும் கிடைக்கும்போதுதான் அது விருந்தோம்பல். இல்லையேல் அது வெறும் வாணிபமே.

வற்றாப்பளைச் சிறுவர்கள் கிழவியின் ஊரைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை, கூலியும் கேட்கவில்லை. களைத்த தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தத் தலையில் கண்கள் திறந்தன. களைத்தவனைத் தொடும் சமுதாயத்துக்கே கண் திறக்கும் என்பதைத்தானே அக்கதை சொல்லிவைத்திருக்கிறது? எண்ணெய் இல்லாத இரவில் உப்புநீரே விளக்காய் எரிந்தது என்று நம்பிய மக்கள் நம் முன்னோர். எண்ணெய் நிறைந்த இந்நாளில், அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் வலியோடு இருளில் கிடக்க நாம் பார்த்திருப்போமானால், வரலாறு நம்மை மன்னிக்காது.