சுற்றுலா ஓர் ஊரின் வாழ்க்கைத் தரத்தை என்ன செய்கிறது? அளப்பது எப்படி?

பாசிக்குடாவில் ஒரு கடற்றொழிலாளரிடம், ஹோட்டல்கள் வந்தபின் வாழ்க்கை எப்படி என்று கேட்டேன். "றோட்டு நல்லா இருக்கு தம்பி. மகனுக்கு ஹோட்டல்ல வேலையும் கிடைச்சுது. வள்ளத்தை இழுத்து வைக்கத்தான் இடமில்லை" என்றார். இலாபமும் நட்டமும் ஒரே பதிலில் இருந்தன. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாம் வழக்கமாகக் கேள்விப்படுவது இரண்டு எண்களை மட்டுமே. 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். வருமானம் சுமார் 438 கோடி டொலர். அந்தப் பணம் எந்த ஊரில், யார் கையில் தங்கியது என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை.

அதற்கு வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. கிம், உய்சால், சர்ஜி ஆகிய ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநில மக்களிடமே நேரடியாகக் கேட்டு, வாழ்க்கைத் தரத்தை நான்காகப் பிரித்துப் பார்த்தது. 2009 இன் பின் சுற்றுலா வலயமான பாசிக்குடாவுக்கு அந்த நான்கையும் நான் இப்படிப் பொருத்திப் பார்க்கிறேன்:

பொருளாதாரம்: ஹோட்டல் ஊழியர்களில் உள்ளூரவர் எத்தனை பேர், எந்த வேலையில்? மீனும் மரக்கறியும் எங்கிருந்து வாங்கப்படுகின்றன?

சமூகம்: கடற்கரைக்குப் போகும் பாதைகள் திறந்திருக்கின்றனவா? வள்ளம் கரையேற்ற இடம் உண்டா?

மனநிலை: கோயில் திருவிழாவையும் நினைவு நாட்களையும் முன்புபோல நடத்த முடிகிறதா?

உடல்நலமும் பாதுகாப்பும்: கிணற்றுத் தண்ணீர், குப்பை, பெண்கள் இரவில் பயமின்றி நடமாடுவது.

போரைக் கடந்த ஊர்களில் இன்னும் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, முகாமிலிருந்து திரும்பியவருக்கு எந்த முன்னேற்றமும் பெரிதாகத் தெரியும். "திருப்தியா?" என்றால் "ஓம்" என்பார். அந்த "ஓம்" அவர் இழந்த கரையை மறைத்துவிடும். ஆகவே திருப்தியோடு சேர்த்து, படகுத்துறைக்கான தூரம், காணி விலை போன்ற அளக்கக்கூடியவற்றையும் பதிய வேண்டும்.

இரண்டாவது, சராசரி ஏமாற்றும். கடற்றொழிலாளர், பெண் தலைமைக் குடும்பங்கள், ஹோட்டலில் வேலைபார்க்கும் இளைஞர் ஆகியோரின் பதில்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கேட்பவர் யார் என்பது. சீருடைக்காரரோ முதலாளியோ பக்கத்தில் நின்றால் உண்மை வராது.

ஒருமுறை கேட்டாலும் போதாது. ஆரம்பத்தில் பயணிகளை வரவேற்கும் ஊர், காலப்போக்கில் எரிச்சலுக்கும் எதிர்ப்புக்கும் போகலாம் என்று டொக்சி 1975 இலேயே சொன்னார். ஹோட்டலுக்கு அத்திவாரம் வெட்டுமுன் ஒருமுறை, பின்னர் ஆண்டுதோறும் அதே கேள்விகளைக் கேட்டால்தான் மாற்றம் தெரியும்.

சுற்றுலாவின் சமூக, சூழல் பாதிப்புகளையும் கணக்கிடும் சட்டகம் ஒன்றை ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழு 2024 இல் ஏற்றுக்கொண்டது. அரசாங்கம் அதைக் கையிலெடுக்கும்வரை கிராம அபிவிருத்திச் சங்கமோ கடற்றொழிலாளர் சங்கமோ காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியும் பத்துக் கேள்விகளும் போதும். அடுத்த வலயத்துக்குக் காணி அளக்க ஆட்கள் வரும்போது, அந்தக் கொப்பி ஊரின் கையில் ஆதாரமாக இருக்கும்.